செக்ரோலில் ஏறாத கணக்கு

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு கலைந்து, கூடையும் படங்குமாகப் பெண்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதைக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து இஸ்தோப்பில், அதன் முன் திண்ணையில், உட்கார்ந்திருந்தேன். கீழே கெசல்கமுவ ஓயா. துணி காயப்போடும் கம்பியில் ஒரு பட்டாணிக்குருவி வந்து உட்கார்ந்தது. கறுப்புத் தலை, சுண்ணாம்பைத் தீற்றியது போல வெள்ளைக் கன்னம், நெஞ்சிலிருந்து வயிறு வரை இறங்கும் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு தரம் கூப்பிட்டது, வாலைக் கோதியது, பறந்துவிட்டது. கம்பிக்குக் கீழே ஒரு வால் இறகு கிடந்தது.

எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். ஓர் ஓரம் வெள்ளை, மற்றது கருஞ்சாம்பல். நீளம் என் சுண்டுவிரல் அளவு. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால், குறுக்கே மெல்லிய வரிகள் தெரியும்: ஒன்று மங்கல், ஒன்று தெளிவு, மறுபடி மங்கல். குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"என்னா தம்பி, எறகுல போயி என்னத்த எண்ணுறீங்க?" என்றார் அடுத்த காம்பராப் பெரியவர். முப்பது வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர்.

"நாள் கணக்கு, ஐயா. ஒரு சோடி வரி ஒரு நாள்."

"அப்ப குருவிக்கும் செக்ரோல் இருக்குன்னு சொல்லுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தோட்டத்தில் எண்ணப்படாத பொருள் இல்லை. யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து, சம்பளத்துக்கு முழுப் பேரா அரைப் பேரா, எந்த மலைக்கு எத்தனை டாங்கி மருந்து, எல்லாவற்றுக்கும் ஏடு உண்டு. ஆள்வரவைப் பதியும் ஏடுதான் செக்ரோல். அடித்த மருந்து அடுத்த மழையோடு எங்கே போயிற்று, எதற்குள் ஏறிற்று என்பதற்கு மட்டும் செக்ரோலில் பக்கம் கிடையாது. அந்தப் பக்கத்தைப் பறவை தன் இறகில் எழுதி வைக்கிறது. வாசிக்கத் தெரிய வேண்டும்.

முத்திரை விழும் நாள்

இறகு முளைக்கும்போது அது உயிருள்ள உறுப்பு. தோலில் ஒரு குழி, குழியிலிருந்து எழும் ஓர் உறை, உறைக்குள் இரத்தக் குழாய். முளைத்து வரும் இறகைத் தெரியாமல் ஒடித்துவிட்டால் இரத்தம் கசியும். கோழி வளர்த்தவர்களுக்கு இது தெரியும். பறவை தின்றதும் குடித்ததும் சுவாசித்ததும் இரத்தத்தில் கலந்து, அந்தக் குழாய் வழியாக இறகுக்குப் போகின்றன. அவற்றோடு ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற பார உலோகங்களும் போகின்றன.

இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டினில் கந்தகம் நிறைய. கந்தகத்தைக் கண்டால் பாதரசம் விடாது. கந்தகமும் ஐதரசனும் கொண்ட ஒரு வகைச் சேர்மங்களுக்குப் பழைய வேதியியலார் இட்ட பெயர் 'மெர்கப்டான்'; இலத்தீனில் அதற்குப் பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள். இறகு வளரும் நாட்களில் இரத்தத்தில் ஓடிய உலோகம் இப்படித்தான் புரதத்தில் மாட்டிக்கொள்கிறது.

வளர்ந்து முடிந்ததும் உள்ளிருந்த இரத்தக் குழாய் வற்றிவிடும். அன்றோடு ஏடு மூடப்படுகிறது. இனி உள்ளிருந்து எதுவும் ஏறாது, உள்ளிருப்பதும் எளிதில் இறங்காது. அடுத்த முறை பறவை இறகு உதிர்க்கும்வரை, அந்தச் சில வாரங்களின் கதையைத் தன்னோடு சுமந்து பறக்கும். பறவைக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. உடலில் சேர்ந்த பாதரசத்தில் பெரும் பங்கை இறகுகளுக்குள் தள்ளி, உதிர்த்துக் கழித்துவிடுகிறது.

நான் எண்ணிய வரிகள் வேறொரு கணக்கு. இறகு பகலில் ஒரு விதமாகவும் இரவில் ஒரு விதமாகவும் வளர்வதால் வருபவை அவை. 1989-இல் அமெரிக்காவின் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் கிரப், இந்த வரிகளின் அகலத்தைக் கொண்டு பறவை நன்றாகத் தின்றதா, பட்டினி கிடந்ததா என்று சொல்லலாம் எனக் காட்டினார். நல்ல சாப்பாடு கிடைத்த நாளின் வரி அகலம்; கிடைக்காத நாளின் வரி குறுகல். ஆக ஓர் இறகில் இரண்டு பத்தி உண்டு. ஒன்று நாட்கள், மற்றது அந்த நாட்களில் உடலுக்குள் வந்தவை.

சுவீடன் திறந்த பழைய பெட்டிகள்

இந்த ஏட்டை முதலில் பெரிய அளவில் புரட்டியவர்கள் சுவீடன்காரர்கள். 1950-களில் அங்கே விதை பொறுக்கும் பறவைகளும், அவற்றைத் தின்னும் கழுகு ஆந்தைகளும் இறந்து விழுந்தன. விதைத் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, பாதரசச் சேர்மம் ஒன்றைப் பூசி விதைப்பது 1940-களில் வழக்கமாகியிருந்தது. சந்தேகம் அதன் மேல் விழுந்தது. சந்தேகத்தை நிரூபிக்க, அந்த மருந்து வருவதற்கு முன் பறவைகளின் உடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்று தெரிய வேண்டும். கடந்த காலத்துக்குப் போய் இரத்தம் எடுப்பது எப்படி?

விடை அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் இருந்தது. நூறு ஆண்டுகளாகப் பஞ்சடைத்து வைத்த பறவைத் தோல்கள், ஒவ்வொன்றின் காலிலும் பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு. பெர்க், யோனெல்ஸ், ஷோஸ்ட்ராண்ட், வெஸ்டர்மார்க் என்ற நால்வர் அவற்றின் இறகுகளைப் பகுத்து, 1966-இல் முடிவை வெளியிட்டார்கள். 1940 வரை பாதரசம் ஏறத்தாழ ஒரே மட்டம். அதன் பிறகு வயல் சார்ந்த பறவைகளில் ஒரேயடியாக ஏறியிருந்தது. அதே ஆண்டு அந்த வகை விதை மருந்துக்கான அனுமதியைச் சுவீடன் மீட்டுக்கொண்டது.

அதே வகை மருந்து மனிதரையும் தேடி வந்தது. 1971-இன் கடைசியிலும் 1972-இன் தொடக்கத்திலும், ஈராக்கில், விதைக்கென்று பாதரசம் பூசி இறக்குமதியான கோதுமையைக் கிராமத்துச் சனங்கள் ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்தோர் 6,530 பேர், அங்கே இறந்தோர் 459 பேர். யார் எப்போது எவ்வளவு தின்றார் என்பதை மருத்துவர்கள் தலைமயிரைத் துண்டு துண்டாக வெட்டிப் பகுத்துக் கண்டுபிடித்தார்கள். மயிரும் கெரட்டின்தான். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஏன் சிறு பாட்டுப் பறவை?

கழுகும் கொக்கும் பெரிய பறவைகள். இறகும் பெரிது, உலோகமும் அதிகம் சேரும். ஆனால் கழுகு எத்தனையோ மலை தாண்டிப் பறக்கும். அதன் இறகில் ஈயம் இருந்தால், எந்த ஊர் ஈயம்? பதில் வராது.

பட்டாணிக்குருவிக்கு ஊர் சுற்றும் வழக்கம் இல்லை. ஒரு சோடி தனக்கென்று ஒரு சின்ன எல்லையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரை தேடும், அங்கேயே பொந்தில் முட்டையிடும். அது தின்னும் புழுவும் சிலந்தியும் அதே செடிகளில் பிறந்தவை. அதனால் இறகில் எழுதப்படுவது ஒரு மாவட்டத்தின் கணக்காக இராது. ஒரு மலையின் கணக்காக, ஒரு தெருவின் கணக்காக இருக்கும்.

பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரை ஒட்டிய ஹோபோகனில் ஓர் உலோக உருக்காலை உண்டு. அதன் சுற்றுப்புறத்தில் அன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோம் டாவெ, மார்செல் ஈன்ஸ் முதலானோர் மரப்பெட்டிக் கூடுகளை மாட்டிவைத்து, பெரிய பட்டாணிக்குருவிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். உருக்காலைக்கு அருகில் வாழ்ந்தவற்றின் இறகுகளில் ஈயம் தூரத்துப் பறவைகளைவிடத் தெளிவாக அதிகம். 2005-இல் அதே ஊர்ப் பறவைகளைப் பற்றி வந்த இன்னொரு கட்டுரை மனதை உறுத்துவது: ஆலைக்குப் பக்கத்து ஆண் குருவிகள் விடியற்காலையில் குறைவாகப் பாடின. அவற்றுக்குத் தெரிந்த மெட்டுகளும் குறைவு.

பின்லாந்தின் ஹார்யாவால்டாவில் செம்பும் நிக்கலும் உருக்கும் ஆலை. துர்க்கு பல்கலைக்கழகத்தின் தாபியோ ஏவா அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து பறவைகளைப் பின்தொடர்கிறார். ஆலைக்கு அருகே ஈப்பிடிப்பான்கள் இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்திருந்தது. பட்டாணிக்குருவிகளின் மஞ்சள் நெஞ்சு வெளிறியிருந்தது. அந்த மஞ்சள் இலைப்புழுவிலிருந்து வருவது. காற்று கெட்டு, புழு குறைந்து, நிறமும் குறைந்தது. பிறகு ஆலை தன் புகையைக் குறைத்தது. 2000-இல் அவரும் சக ஆய்வாளரும் எழுதிய கட்டுரை நல்ல செய்தி கொண்டு வந்தது: ஆலையோரப் பறவைகளின் குஞ்சு பொரிப்புத் தேறி வந்தது. கெடுதியைக் காட்டிய அதே பறவை, கெடுதி நீங்குவதையும் காட்டியது.

ஐரோப்பாவின் அந்தப் பெரிய பட்டாணிக்குருவியும் நோர்வூட்டின் கம்பியில் உட்கார்ந்த சாம்பல் பட்டாணிக்குருவியும் நெருங்கிய உறவு. அண்மைக் காலம் வரை பறவையியலார் இரண்டையும் ஓர் இனமாகவே எண்ணினார்கள். நம்முடையதற்கு நெஞ்சில் மஞ்சள் இல்லை. பொந்தில் கூடு கட்டும் குணமும், புழுவும் சிலந்தியும் தின்னும் குணமும், தன் எல்லையை விட்டுப் போகாத குணமும் ஒன்றே. அன்ட்வெர்ப்பில் வேலை செய்த கருவியின் தம்பி, கேட்காமலே நம் லயத்துக் கம்பியில் வந்து உட்கார்கிறது.

நோர்வூட்டுக்கு உலோகம் எங்கிருந்து?

இங்கே உருக்காலை இல்லை. பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற மலைகள், பனி, காசல்ரீ நீர்த்தேக்கம். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு இதில் உலோகத்தைப் பற்றிய நினைப்பே வராது. ஆனால் இந்தப் பச்சைக்குச் செம்பு ஒரு விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

மலையகத்தின் வரலாற்றைப் பூஞ்சணங்களின் வரலாறாகவும் சொல்லலாம். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1946-இல் தேயிலைக்கும் ஒரு பூஞ்சணம் வந்து சேர்ந்தது: கொப்புள நோய். அஸ்ஸாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த நோய், அந்த ஆண்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. அது முற்றிய இலையைத் தொடாது. இளம் இலையில்தான் கொப்புளம் போடும். அதாவது கொழுந்தில். பனியும் தூறலும் விடாமல் நிற்கும் நாட்கள் அதற்குக் கொண்டாட்டம். தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் அற்றன், நோர்வூட், மஸ்கெலியா மலைகளில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமில்லை. கவ்வாத்து வெட்டிய மலை துளிர்த்து வரும் நேரமென்றால் இன்னும் மோசம்.

கைக்குக் கிடைத்த ஆயுதம் செம்பு. 1885-இல் பிரான்சின் போர்தோ நகரில் மில்லார்தே என்ற தாவரவியலாளர், திராட்சைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். அந்த வழியில் வந்த செம்பு மருந்துகளையே 1925-இல் தொடங்கப்பட்ட, தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் கொப்புள நோய்க்குப் பரிந்துரைத்தது. தேயிலைத் தொழில் பிழைத்தது. செம்பு மட்டும் திரும்பிப் போகவில்லை. பூச்சிமருந்து காலப்போக்கில் சிதையலாம். செம்பு தனிமம், சிதைவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. மழை கழுவ, இலையிலிருந்து மண்ணுக்கு வருகிறது. ஒரு பகுதி ஓயாவுக்குப் போகிறது. மீதி இலைச் சருகும் மக்குமாக இருக்கும் மேல்மண்ணில் பிடித்துக்கொள்கிறது. தேயிலைக்குப் புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள, மண் வேண்டும். புளித்த மண்ணில் உலோகங்கள் எளிதில் கரைந்து நகரும்.

செம்பு மட்டுமல்ல. இலைக்குத் தெளிக்கும் துத்தநாக சல்பேற்று ஒன்று. பொஸ்பேற்று உரத்தோடு ஒட்டிவரும் சிறிதளவு காட்மியம் இன்னொன்று. லயத்துத் தகரக் கூரையின் துத்தநாகப் பூச்சு மழையில் கரைவது மூன்றாவது. பாதையை எடுத்துக்கொண்டால், இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-இல் நிறுத்தப்பட்டது. அதுவரை விழுந்த ஈயம் பாதையோர மண்ணைவிட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒவ்வோர் ஆண்டும் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, சிவனொளிபாத மலைக்குப் போகும் வாகனங்கள் அற்றனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு இரவும் பகலும் ஏறி இறங்குகின்றன. வளைவுக்கு வளைவு பிரேக். பிரேக் கட்டை தேயும்போது செம்புத் தூளும், டயர் தேயும்போது துத்தநாகமும் உதிரும்.

இந்த வழிகள் நோர்வூட்டில் முடிவதில்லை. கெசல்கமுவ ஓயா காசல்ரீயில் தங்கி, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனியாகிறது. கொழும்பின் குடிநீர்க் குழாய்களில் வருவது களனி.

ஏடு பொய் சொல்லும் இடங்கள்

"எறகப் பிடுங்கி, மெசின்ல போட்டா நம்பர் வந்துரும், இல்லையா?" என்றார் பெரியவர். வரும். அந்த நம்பரை நம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: உள்ளே இருப்பதா, வெளியே ஒட்டியதா? இறகு மூடிய ஏடு என்றேன். அட்டையில் தூசு படியுமல்லவா? அதிலும் பறவை வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகு முழுவதும் பூசிக்கொள்கிறது. எண்ணெயில் தூசு ஒட்டாமல் என்ன செய்யும்? அன்ட்வெர்ப் குழுவினர் இதைக் களத்திலேயே சோதித்து 2004-இல் எழுதினார்கள்: ஈயம் போன்றவற்றில் வெளியிலிருந்து படிவது கணிசம், கழுவினாலும் முழுக்கப் போவதில்லை. பாதரசம் பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. அதனால் பழைய இறகைவிட, புதிதாக முளைத்த இறகு நல்ல சாட்சி.

இரண்டாம் கேள்வி: இறகின் நிறம் என்ன? கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் உலோகங்களைப் பிடித்து வைக்கும். பாரிஸ் நகரப் புறாக்களில் 2014-இல் மரியோன் ஷாட்லென் குழுவினர் கண்டது: கருத்த புறாவின் இறகில் துத்தநாகம் அதிகம். நம் தோட்டங்களில் குண்டுக்கரிச்சானைத் தேர்ந்தெடுத்தால் இங்கே இடறுவோம். ஆண் கறுப்பு, பெண் சாம்பல். இரண்டையும் கலந்து எண்ணினால், மலையின் கணக்கு என்று நினைத்து மையின் கணக்கை எழுதிவிடுவோம். தேயிலைச் செடி உச்சியில் நின்று பாடும் புதர்ச்சிட்டிலும் இதே சிக்கல்: ஆண் கறுப்பு, பெண் பழுப்பு. பட்டாணிக்குருவியில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே உடை.

மூன்றாம் கேள்வி நோர்வூட்டுக்கு மிக முக்கியம். செம்பு உடலுக்குத் தேவையான உலோகம். தேவைக்கு மேல் வந்தால் உடல் தன்னால் முடிந்தவரை ஒதுக்கி வெளியேற்றும். மண்ணில் செம்பு இரண்டு மடங்கானால் இறகிலும் இரண்டு மடங்காகும் என்று எதிர்பார்க்க முடியாது. இயற்கையில் இதற்கு வேடிக்கையான விதிவிலக்கும் உண்டு. ஆபிரிக்காவின் துராக்கோப் பறவையின் சிவப்பு இறகில் நிறமே செம்பால் ஆனது. இலங்கையில் கோப்பித்துரு கண்டறியப்பட்ட அதே 1869-இல், ஆங்கில வேதியியலாளர் ஆர்தர் சர்ச் அதை வெளியிட்டார். துராக்கோவுக்குச் செம்பு அணிகலன். பட்டாணிக்குருவிக்கு அது கழிக்க வேண்டிய மிச்சம். கழிப்பதை எங்கே தேடுவது? எச்சத்தில். குஞ்சுகளின் எச்சம் மெல்லிய சவ்வுப் பொதியாக வரும். தாய் அதை அலகில் கவ்விக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடும். அன்ட்வெர்ப்காரர்கள் 2000-இலேயே குஞ்சின் இறகோடு அந்தப் பொதியையும் சேகரித்துப் பகுத்தார்கள். ஈயத்துக்கு இறகு, செம்புக்கு எச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் கணக்கு நேராகும்.

மூன்று இடம், இரண்டு பிடுங்கல்

நோர்வூட்டில் இதைச் செய்வதென்றால் எப்படிச் செய்வது? மூன்று இடம் வேண்டும். மழைக்காலத்தில் தவறாமல் மருந்தடிக்கும் ஒரு மலை. மஸ்கெலியாப் பாதையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. இரண்டும் எட்டாத, சிவனொளிபாத மலைக் காட்டின் ஓரம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையில் குருவியைப் பிடித்து, எடை பார்த்து, காலில் எண்ணிட்ட வளையம் போட்டு, வால் இறகு ஒன்றை எடுத்து விட்டுவிட வேண்டும். பதினைந்து கிராமுக்குள் நிற்கும் உயிர். கையில் பிடித்தால் இதயம் விரலில் அடிக்கும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் வைத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. தானாக உதிரும் காலத்துக்கு முன் பிடுங்கிய இறகு உடனே திரும்ப முளைக்கும். ஐந்தாறு வாரம் கழித்து வளைய எண்ணைப் பார்த்து அதே குருவியை மறுபடி பிடித்தால், அந்தப் புது இறகு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எழுதப்பட்டது என்பது நம் கையில். வெசாக் முடிந்து, மழை இறங்கி, மருந்தடிப்பு தொடங்கும்போது ஒரு பிடுங்கல். யாத்திரை வாகனங்கள் தொடங்கும் மார்கழியில் இன்னொன்று. மருந்தின் பக்கமும் பாதையின் பக்கமும் தனித்தனியே பிரிந்து வரும். முட்டையிடும் சோடிகளைத் தொடக் கூடாது.

பிறகு வேலை ஆய்வுகூடத்தில். இறகை அசிற்றோனிலும் தூய நீரிலும் மாறி மாறிக் கழுவி, உலர்த்தி, சில மில்லிகிராம் இருக்கும் அந்தத் துண்டை நைத்திரிக் அமிலத்திலும் ஐதரசன் பெரொக்சைட்டிலும் சூடாக்கினால் தெளிந்த திரவமாகிவிடும். அதை ஆயிரக்கணக்கான பாகை வெப்பமுள்ள ஆர்கன் பிளாஸ்மாவுக்குள் தெளித்தால் அணுக்கள் மின்னேற்றம் பெற்றுப் பிரியும். கருவி அவற்றை எடைவாரியாக எண்ணும். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன் வரிசையாக நிற்பது போலத்தான். செம்பு ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம்.

நூறு ஆண்டுக் கணக்கும் கேட்கலாம். 1877-இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தில் பறவைத் தோல் சேகரிப்பு உண்டு. வின்சென்ட் லெக் போன்றவர்கள் கொப்புள நோய்க்கு வெகு காலம் முன்பே இத்தீவின் பறவைகளைச் சேகரித்தவர்கள். 1946-க்கு முந்திய மலைநாட்டுக் குருவியின் இறகு, செம்பு மருந்து வருவதற்கு முந்திய ஏடு. ஒரு முன்னெச்சரிக்கை: அந்தக் காலத்தில் தோல் கெடாமலிருக்க ஆர்செனிக் சவர்க்காரமும் பாதரச உப்பும் பூசினார்கள். அந்த இரண்டு தனிமங்களுக்கும் பழைய தோலை அப்படியே நம்பக் கூடாது.

தமிழ் மலைகளுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் நீலகிரியிலும் தேயிலை, அங்கேயும் கொப்புள நோய். கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி பெயரால் இயங்கும் பறவையியல் மையத்தின் ஜெயகுமாரும் முரளிதரனும், நீலகிரி மாவட்டப் பறவைகளில் உலோகங்களைப் பற்றி 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்துக்கு, மரப்பட்டையில் வளரும் பாசியும் லைக்கனும் சாட்சி சொல்லின. மலை தன் கணக்கை எங்காவது எழுதித்தான் வைக்கிறது.

கூரை, குருவி, பிள்ளை

குருவியை இவ்வளவு பார்ப்பது குருவிக்காக மட்டுமா? 2006 டிசம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் என்ற துறைமுக ஊரில் தேன்குடிக் குருவிகள் செத்து விழுந்தன. சில மாதங்களில் ஏறத்தாழ 9,500 பறவைகள். துறைமுகத்தில் ஏற்றிய ஈயக் காபனேற்றின் தூசுதான் காரணம். பறவைகளின் உடலில் ஈயம் கண்ட பிறகுதான் வீடுகளின் பக்கம் பார்வை திரும்பியது. அந்த ஊரில் பலர் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். தொட்டிகளில் ஈயம் இருந்தது. பிள்ளைகளின் இரத்தத்திலும் இருந்தது.

கூரைத் தண்ணீர், மண்ணில் விளையாடும் பிள்ளை, லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம்: இந்தப் பட்டியலில் நோர்வூட்டுக்கு அந்நியமானது எதுவுமில்லை. அந்தத் தூசு இங்கே இல்லை. ஆனால் குருவியும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பது இங்கேயும் உண்மை.

பெரியவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் கொஞ்சம் மடங்கியே இருந்தன.

"மருந்தடிச்சிட்டு வந்தா நகமெல்லாம் நீலமா இருக்கும். சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. குருவி எறகுக்கு இவ்வளவு பாக்குறீங்களே தம்பி, இந்த நகத்த அன்னைக்கு யாராவது பாத்தாங்களா?"

நகமும் கெரட்டின்தான். ஈராக்கில் தலைமயிர் பேசியது போல, நகமும் பேசியிருக்கும். போர்த்துக்கலில் திராட்சைக்கு நீல மருந்தடித்த தொழிலாளரின் நுரையீரலில் செம்பு படிந்து நோயாவதை அந்நாட்டு மருத்துவர்கள் 1969-இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்ததும் மருந்து டாங்கி சுமந்தவர்களைத்தான்.

அவர் கையை நான் இப்போது பார்த்துப் பயனில்லை. விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் வளரும். அடியிலிருந்து நுனிக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். அதற்கு மேல் அது கணக்கு வைப்பதில்லை. அவர் எழுதிய பக்கங்களை எல்லாம் அவரே இந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து நறுக்கி முற்றத்தில் எறிந்துவிட்டார். அவர் அடித்த செம்பு மட்டும் மேலே அந்த மலையின் மண்ணில் இருக்கிறது. இந்த ஆண்டு அங்கே பொந்தில் பொரிக்கும் குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

கையிலிருந்த வால் இறகை ஒரு கடித உறைக்குள் போட்டு, தேதியையும் இடத்தையும் எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"மல நம்பரையும் போடுங்க தம்பி," என்றார். "இல்லாட்டி கணக்கு சேராது."